ஒரு கப் மைதா எத்தனை கிராம்? பாட்டியின் ஆழாக்கு எத்தனை மில்லி?

வேளச்சேரியில் வீட்டிலிருந்தே கேக்கும் முறுக்கும் செய்து விற்கத் தொடங்கியிருக்கும் ஒரு சகோதரி கேட்கிறார்: "புதிதாக டிஜிட்டல் தராசு வாங்கியிருக்கிறேன். ஒரு கப் மைதா 120 கிராம் என்று ஒரு குறிப்பில் இருக்கிறது. இன்னொன்றில் 150 என்று இருக்கிறது. எதை நம்புவது? எண்ணெயைக் கிலோவில் வாங்குவது லாபமா, லிட்டரில் வாங்குவது லாபமா? பாட்டியின் நோட்டில் முறுக்குக்கு அரைப்படி, அரை ஆழாக்கு, பலம், ரூபாய் எடை என்று எழுதியிருக்கிறது. அதையெல்லாம் கிராமுக்கு மாற்ற முடியுமா?"

முதலில் மைதா. 120 என்று எழுதியவரும் 150 என்று எழுதியவரும் அவரவர் சமையலறையில் சரியாகத்தான் நிறுத்திருப்பார்கள். மாறியது அவர்கள் அள்ளிய விதம். தராசு கையில் இருக்கும்போது இதை நீங்களே பார்த்துவிடலாம். காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். மைதாவைக் கரண்டியால் கிளறித் தளர்த்தி, ஸ்பூனால் எடுத்துக் கப்பில் உதிர்த்து நிரப்பி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடுங்கள். 240 மி.லி. கப் என்றால் 120 கிராமை ஒட்டி நிற்கும். கொட்டிவிட்டு, இந்த முறை கப்பையே டப்பாவுக்குள் விட்டு ஒரே அள்ளாக அள்ளித் தலைதட்டுங்கள். 140 கிராமைத் தொட்டுவிடும். மூன்றாவதாக, அள்ளிய கப்பை மேடையில் நாலு தட்டு தட்டி, மாவு இறங்கிய இடத்தை மறுபடி நிரப்பி வழியுங்கள். 160 வரைகூடப் போகும். மாவுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறிய அளவுக்கு மாவு உள்ளே போகிறது, அவ்வளவுதான். ஆனால் மூன்று கப் மைதா கேட்கும் ஒரு கேக்கில் இந்த வித்தியாசம் 100 கிராமைத் தாண்டிவிடும். அந்த கேக் பூப்போல வராது. வறண்டு, நடுவில் வெடித்து நிற்கும்.

ஆகவே கப்பில் எழுதிய கேக் குறிப்பு ஒன்று கிடைத்தால், எழுதியவர் எங்கேனும் கிராமும் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் கப்பை மறந்துவிட்டுக் கிராமைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொடுக்கவில்லை என்றால் 120 முதல் 125 கிராம் என்று வைத்துத் தொடங்குவது பாதுகாப்பு. மாவு குறைவாக இருந்தால் ஒரு ஸ்பூன் சேர்த்துக்கொள்ளலாம். கூடிப்போனதை வெளியே எடுக்க வழியில்லை.

கப்பின் கொள்ளளவும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி.; அங்கே ஊட்டச்சத்து விவரம் அச்சிடும்போது அதையே 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி. ஜப்பானியக் கப் 200 மி.லி. மின்சார ரைஸ் குக்கருடன் வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மி.லி.தான், அது ஜப்பானின் பழைய அரிசி அளவு. குக்கர் கப்பால் மைதா அளந்து கேக் செய்தால் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். மேசைக்கரண்டியிலும் இதே சங்கடம் உண்டு: பொதுவாக 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20. தேக்கரண்டி மட்டும் எங்கும் 5 மி.லி. என்று நிற்கிறது. சென்னைப் பாத்திரக்கடைகளில் கிடைக்கும் கப் செட்டுகளில் 240-ம் உண்டு, 250-ம் உண்டு.

உங்கள் கப் எது என்பதைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் போதும். கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு மட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கப்பின் மில்லிலிட்டர். மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ, சமையலறைக் கணக்குக்கு ஒரு மி.லி. ஒரு கிராம்தான். வீட்டில் இருக்கும் டம்ளர், ஆழாக்கு, கரண்டி எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் இப்படி நிறுத்து, அடியில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் எந்த அட்டவணையும் உங்கள் வீட்டுப் பாத்திரத்துக்கு எழுதப்பட்டதல்ல. நீங்கள் ஒரு மாலையில் எழுதிக்கொள்ளும் அட்டவணை அதற்கென்றே எழுதப்பட்டது.

கொள்ளளவு தெரிந்த பிறகு வேண்டியது ஒரு பெருக்கல் மட்டுமே. மில்லிலிட்டரை அந்தப் பொருளின் எண்ணால் பெருக்கினால் கிராம் வரும். பாலுக்கு 1.03, எண்ணெய்க்கும் உருகிய நெய்க்கும் 0.91, தேனுக்கு 1.4, சர்க்கரைக்கு 0.85, அரிசிக்கும் பருப்புகளுக்கும் ஏறக்குறைய 0.8, ரவைக்கு 0.7, அரிசி மாவுக்கு 0.65, தளர்வாகப் போட்ட மைதாவுக்கும் கோதுமை மாவுக்கும் 0.5, சலித்த கடலை மாவுக்கு 0.4-ஐச் சற்று ஒட்டி, துருவிய தேங்காய்க்கு 0.35, தூள் உப்புக்கு 1.2. திரவங்களின் எண்களை அப்படியே நம்பலாம். மாவுகளின் எண்கள் அரைத்த மில், சலித்த சல்லடை, டப்பாவில் கிடந்த நாள் ஆகியவற்றைப் பொறுத்துப் பத்து சதவீதம் ஏறும், இறங்கும். வெல்லம், அவல் இரண்டுக்கும் எண் தர மனம் வரவில்லை. இடித்த வெல்லம் ஒரு மாதிரி, துருவியது ஒரு மாதிரி. கெட்டி அவல் நிரம்பிய கப்பும் காகித அவல் நிரம்பிய கப்பும் எடையில் ஒட்டவே ஒட்டாது. இவற்றை எப்போதும் நிறுத்துப் போடுங்கள்.

இந்த எண்களை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு மைசூர்பாகு ஒன்று போதும். ஒரு பங்கு கடலை மாவு, இரண்டு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு நெய் என்பது வீடுகளில் வழங்கும் கணக்கு. இது கப் கணக்கு. தராசு வாங்கிய உற்சாகத்தில் இதையே 100 கிராம் மாவு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் நெய் என்று எடுத்தால் செய்வது வேறு பண்டமாகிவிடும். 240 மி.லி. கப்பில் கடலை மாவு சுமார் 100 கிராம்தான் பிடிக்கும்; சர்க்கரை இரண்டு கப் 400 கிராமைத் தாண்டும்; நெய் இரண்டு கப் 435 கிராம் வரும். அதாவது எடையில் ஒன்றுக்கு நாலு, நாலுக்கும் சற்று மேல். 1:2:2 என்று வெறும் பங்காக எழுதிய குறிப்பைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது அளந்த பங்கா, நிறுத்த பங்கா என்பதுதான். அது தெரியாமல் அடுப்பை மூட்டக் கூடாது. நெய் விற்கும் விலையில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கவும் முடியாது.

இட்லி மாவுக்கு இந்தக் கவலையே இல்லை. அரிசிக்கும் உளுந்துக்கும் எண் ஏறக்குறைய ஒன்றே என்பதால் நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து என்றாலும், ஒரு கிலோ அரிசிக்கு கால் கிலோ உளுந்து என்றாலும் பதம் மாறாது. நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகத் தராசு இல்லாமலே பஞ்சு போன்ற இட்லி சுட்டதற்கு இது ஒரு காரணம். சாதம் மட்டும் ஓர் எச்சரிக்கை கேட்கிறது. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்பது அளந்த கணக்கு. நிறுத்துப் பார்த்தால் ஒரு கப் அரிசி 195 கிராம், இரண்டு கப் தண்ணீர் 480 கிராம். அதாவது எடையில் ஒன்றுக்கு இரண்டரை. அரிசியைத் தராசிலும் தண்ணீரைக் கப்பிலும் எடுப்பவர்கள் இந்த அரையை மறந்தால் சாதம் விதைவிதையாக நிற்கும். புது அரிசி குறைவாகவும் பழைய அரிசி கூடுதலாகவும் தண்ணீர் குடிக்கும். அதை எந்தத் தராசும் சொல்லாது. அரிசி மாற்றினால் முதல் உலை உங்கள் கண்ணை நம்பித்தான்.

எண்ணெய்க்கு வருகிறேன். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ அல்ல. சுமார் 910 கிராம். பாக்கெட்டின் பின்புறம் பெரும்பாலும் இரண்டையும் அச்சிட்டிருப்பார்கள். செக்கெண்ணெய்க் கடைகளில் சிலர் கிலோவுக்கும் சிலர் லிட்டருக்கும் விலை சொல்வார்கள். ஒரு கடையில் நல்லெண்ணெய் கிலோ 400 ரூபாய், அடுத்த கடையில் லிட்டர் 380 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் 380 மலிவு போலத் தோன்றும். 380-ஐ 0.91-ஆல் வகுத்துப் பாருங்கள்: கிலோ 417 ரூபாய்க்கு மேல் போகிறது. லிட்டர் விலையை 0.91-ஆல் வகுத்தால் கிலோ விலை. இந்த ஒரு வகுத்தல் மாதாமாதம் எண்ணெய் வாங்கும் உங்களுக்கு நிச்சயம் பயன்படும். தேனில் கணக்கு தலைகீழ்: அரை கிலோ தேன் 350 மி.லி. அளவுதான் இருக்கும், ஆகவே பாட்டில் சிறியதாக இருக்கிறதே என்று கடைக்காரரைக் கோபிக்க வேண்டாம். நெய்யை எப்போதும் நிறுத்து எடுப்பது நல்லது. மே மாதத்தில் தண்ணீராக ஓடும் நெய், மார்கழிக் காலையில் மணல் மணலாக உறைந்து கப்பில் இடைவெளி விட்டு நிற்கும். எடைக்கு அந்தப் பருவ பேதம் கிடையாது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் அவுன்ஸ் என்ற அளவு வரும். அதில் எடை அவுன்ஸ் ஒன்று, திரவ அவுன்ஸ் ஒன்று என்று இரண்டு உண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம். அமெரிக்கத் திரவ அவுன்ஸ் சுமார் 29.6 மி.லி. தண்ணீருக்கும் பாலுக்கும் இரண்டையும் ஒன்றாக எண்ணினால் பெரிய நஷ்டம் இல்லை. மைதாவுக்கு அப்படி எண்ணினால், 8 அவுன்ஸ் என்று எழுதியிருக்கும்போது 227 கிராம் போட வேண்டிய இடத்தில் ஒரு கப், அதாவது 120 கிராம், போட்டுவிடுவீர்கள். வெண்ணெய் ஒரு ஸ்டிக் என்றால் 113 கிராம். நம் ஊர் 100 கிராம் பாக்கெட் அதற்குச் சரியான மாற்று அல்ல, இன்னும் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சேர்க்க வேண்டும்.

தராசு எல்லாவற்றுக்கும் ஏற்றதும் அல்ல. ஒரு கிராம் நுட்பத்தில் காட்டும் வீட்டுத் தராசு ஐந்து கிராமுக்குக் கீழே தடுமாறும். சோடா உப்பு, பேக்கிங் பவுடர், ஈஸ்ட், ஏலக்காய்த்தூள் இவற்றைத் தலைதட்டிய தேக்கரண்டியில் எடுப்பதே நம்பகம். ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் நாலைந்து கிராம், உலர் ஈஸ்ட் சுமார் மூன்று கிராம், தூள் உப்பு சுமார் ஆறு கிராம். கல் உப்பு அதே கரண்டியில் குறைவாகவே நிற்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடம் கிடப்பதால். நம் கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் கோத்த கல் உப்பு இன்னொரு எடை காட்டும். ஊறுகாய்க்கு உப்பு குறைந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அங்கே மட்டும் உப்பையும் நிறுத்தே போடுங்கள். உங்கள் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பத்து ரூபாய் நாணயங்கள் பத்தை அடுக்கி வையுங்கள். ஒரு நாணயம் ஏறக்குறைய 7.7 கிராம், பத்தும் சேர்ந்து 77-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

இனி பாட்டியின் நோட்டு. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய முகத்தலளவை எளிய இரட்டிப்பு: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆகவே படிக்கு எட்டு ஆழாக்கு. படிக்கு மேலே எட்டுப் படி ஒரு மரக்கால். நிறுத்தலளவையில் ஒரு ரூபாய் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு, பதினொன்றே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கொட்டினால் ஓடுகிற அரிசி, பருப்பு, எண்ணெய் போன்றவற்றைப் படியிலும், கட்டியாகக் கிடக்கிற வெல்லம், புளி, வெண்ணெய் போன்றவற்றைப் பலத்திலும் எழுதியிருப்பார்கள். எதை அளக்கலாம், எதை நிறுத்தாக வேண்டும் என்ற பகுப்பு அந்தத் தலைமுறைக்குத் தெளிவாகவே இருந்தது.

எடைகளில் சிக்கல் இல்லை. ரூபாய் எடையும் பலமும் உறுதியான எண்கள். சிக்கல் படியில்தான். பட்டணம் படி, பக்காப் படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் படி மாறியது. மெட்ரிக் முறைக்கு வழிசெய்த சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 1967-இல் அண்ணாவின் அரசு சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டத்துக்கு ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்றுதான் பெயர் விளங்கியது. சட்டம் கிலோவுக்கு மாறிய பிறகும் வீடுகள் படியிலேயே நினைத்தன என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இன்று கடைகளில் கிடைக்கும் எவர்சில்வர் ஆழாக்குகளும் ஒத்துப்போவதில்லை. என் அலமாரியில் இருக்கும் இரண்டில் ஒன்று 170 மி.லி. கொள்கிறது, மற்றொன்று 200.

உங்கள் பாட்டியின் கணக்கு: அரைப்படி அரிசி மாவு, அரை ஆழாக்கு உளுத்தம் மாவு, ஒரு பலம் வெண்ணெய், ஒரு ரூபாய் எடை உப்பு. ஆழாக்கு 200 மி.லி. என்று கொண்டால் அரிசி மாவு 800 மி.லி., அதாவது 520 கிராம். உளுத்தம் மாவு 100 மி.லி., சுமார் 55 கிராம். வெண்ணெய் 35 கிராம், உப்பு 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆழாக்கு 170 மி.லி. என்றால் அரிசி மாவு 440 கிராமாகவும் உளுத்தம் மாவு 47 கிராமாகவும் இறங்கும். ஆனால் வெண்ணெயும் உப்பும் இறங்காது, அவை எடையில் எழுதப்பட்டவை. முதல் கணக்கில் உப்பு மாவில் இரண்டு சதவீதம். இரண்டாவதில் இரண்டே கால் சதவீதத்தையும் தாண்டுகிறது. நாக்கில் தெரியும் வித்தியாசம் இது. பாட்டியின் ஆழாக்கு வீட்டுப் பரணில் எங்காவது கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைத்தால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவுடன் கேள்வி தீர்ந்தது. கிடைக்காவிட்டால் 520 கிராம் கணக்கில் ஒரு ஈடு பிழிந்து, பாட்டியின் முறுக்கைச் சாப்பிட்டு வளர்ந்த பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள். உப்பும் கரகரப்பும் சரி என்று அவர் சொன்னால் அந்தக் கிராம்களை நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

ஒருமுறை ஏற்றிவிட்டால் ஆர்டர் பெரிதாகும்போது பயம் இல்லை. பத்து மடங்கு வேண்டுமென்றால் 5.2 கிலோ அரிசி மாவு, 550 கிராம் உளுத்தம் மாவு, 350 கிராம் வெண்ணெய், 117 கிராம் உப்பு. நாற்பது ஆழாக்கு அரிசி மாவுக் கணக்கை வாய்விட்டு எண்ணிக்கொண்டே கப்பால் அள்ளிக்கொண்டிருந்தால் நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தாலே எண்ணிக்கை தவறிவிடும்.

விற்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாவின் எடையை வைத்துப் பொட்டலத்தின் எடையைக் கணக்கிடாதீர்கள். பிசைந்த தண்ணீர் எண்ணெயில் ஆவியாகிப் போகும், கொஞ்சம் எண்ணெய் முறுக்குக்குள் ஏறும். சூடு முழுவதும் ஆறிய பிறகு பொட்டலத்தையே நிறுத்து நிகர எடையை எழுதுங்கள். அந்த வேலைக்குச் சமையலறைத் தராசு செல்லாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, விற்பனைக்குப் பயன்படும் தராசு சரிபார்த்து முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மாவு பிசைய ஒன்று, பொட்டலம் போட முத்திரையிட்டது ஒன்று என்று இரண்டு தராசு வைத்துக்கொள்ளுங்கள்.